குடிக்காதவரின் மூன்றாவது ரவுண்டு

“‘மூன்றாவது ரவுண்டில்தான் இதன் உண்மையான குணம் புரிந்தது,’” என்று சொர்ணம்மாள் உரக்க வாசித்தாள். “யாருக்குப் புரிஞ்சுது?”

கோமதிநாயகம் வாயருகே கொண்டுபோன தோசையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அவள் கையில் இருந்தது அவருடைய பச்சை டைரி. பஞ்சாங்கத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். ஏகாதசி என்றைக்கு என்று பார்க்கப் போன மனைவியிடம் அது அகப்பட்டுவிட்டது.

“அடுத்த பக்கம் இதுக்கு மேலே. ‘வெளியே மழை. ஐஸ் வேண்டாம் என்று தோன்றியது. பாட்டிலில் இனி நாலு விரல்தான் பாக்கி.’ நேத்து மழை பெய்ஞ்சுதா இல்லையா?”

“பெய்ஞ்சுது.”

“அப்போ நாலு விரலும் நெசந்தான்.”

கோமதிநாயகம் குடிக்காதவர். இதை இப்போதே சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் சொர்ணம்மாளோடு சேர்ந்துகொண்டு அவரை முறைப்பீர்கள். ஐம்பத்து மூன்று வயதாகியும் ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. சொர்ணம்மாளின் அப்பா குடித்தே தென்காசியில் இரண்டு கடைகளை அழித்தவர். அதனால் பெண் பார்க்கப் போன அன்றே கற்பூரம் கொளுத்தி இவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தச் சத்தியத்துக்கு ஒரு கீறல் கிடையாது.

“இது நான் குடிச்சது இல்லே,” என்றார்.

“கையெழுத்து?”

“என்னோடதுதான்.”

“‘நான் குடித்தேன்’னு எழுதியிருக்கே. அந்த நான் யாரு?”

“அதைச் சொல்லக்கூடாது, சொர்ணம். வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“எனக்கும்தான் ஒரு வாக்குக் கொடுத்திய,” என்று சொல்லிவிட்டு அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

விஷயம் இதுதான். திருவனந்தபுரத்தில் சாஸ்தமங்கலம் பக்கத்தில் எட்டு மாடி ஃப்ளாட் ஒன்றில் கோமதிநாயகம் ஆபீஸ் பார்த்துக்கொள்கிறவர். கீழ்த்தளத்திலேயே அவர்களுக்கு ஒரு சின்ன வீடும் உண்டு. அந்த ஃப்ளாட்டில் சில பேர் சேர்ந்து ‘பீப்பா பிரதர்ஸ்’ என்று ஒரு வாட்ஸாப் குரூப் வைத்திருந்தார்கள். பேர்பன் பிரியர்கள். பேர்பன் என்றால் அமெரிக்காக்காரன் சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறவைக்கிற விஸ்கி. வெளிநாட்டிலிருந்து வருகிற மச்சானும் மருமகனும் பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ‘இப்போ கையில் என்ன?’ என்ற கேள்வி குரூப்பில் வரும். ஒவ்வொருவரும் பாட்டிலையும் கிளாஸையும் படம் பிடித்துப் போட்டு, ருசி எப்படி என்று நாலு வரி எழுதவேண்டும். அதுதான் சட்டம்.

குடிக்க எல்லோருக்கும் வந்தது. எழுதத்தான் ஒருவருக்கும் வரவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி ஷாஜி வாரா வாரம் ‘கொள்ளாம்’, அதாவது ‘நல்லாருக்கு’, என்று ஒரே வார்த்தை போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டரை விட்டு எழுதவைத்தார். அந்த வாரம் நாலு பேர் அதே வேலையைச் செய்திருந்ததால் நாலு குறிப்பும் ஒன்றுபோல வந்து மானம் போயிற்று. அதற்குப் பிறகு சொந்த வார்த்தைதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

லிஃப்ட் ரிப்பேரான ஒரு நாள் கோமதிநாயகம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். ‘லிஃப்டுக்கும் முழங்கால் உண்டு. இன்று அதற்கு ஓய்வு.’ ஷாஜி அதை இரண்டு தடவை படித்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தார்.

“அண்ணாச்சி, எனக்கு நாலு வரி எழுதித் தரணும். ஆரோடும் பறயண்டா, ரகசியம்.”

“குடிச்சா எப்படி சார் இருக்கும்?”

“கொள்ளாம்.”

இதை வைத்துக்கொண்டு மனிதர் என்ன எழுதுவார்? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நினைவுக்கு வந்ததெல்லாம் வீட்டு அடுக்களை வாசனைதான். எழுதினார்: ‘முதல் மடக்கில் வெல்லப்பாகு உருண்டைப் பதத்துக்கு வருகிற வாசனை. தெரியாமல் கிராம்பு ஒன்று கடிபட்டதுபோல ஒரு சுருக். கடைசியில் கருப்பட்டிக் காப்பி குடித்து முடித்த தம்ளரின் அடி.’

மறுநாள் காலை ஷாஜி ஓடி வந்தார். “அண்ணாச்சி, நீ எழுதினதை வாசிச்சிட்டுக் குடிச்சேன். சத்தியமாட்டு அதே டேஸ்ட்! குரூப்பிலே ஒரே கைதட்டு.”

ஒரு மாதத்தில் நாலாம் மாடி அஜீஷ் ரகசியமாக வந்தான், அம்மாமேல் ஆணை வாங்கிக்கொண்டு. பிறகு பல் டாக்டர் ரெனி ரகசியமாக வந்தார், ஆயுசுக்கும் பல் இலவசம் என்று சொல்லி. மூன்று பேருக்கும் மற்ற இருவர் வருவது தெரியாது. ஒரு சனிக்கிழமை கிராம்பா லவங்கப்பட்டையா என்று அஜீஷுக்கும் ரெனிக்கும் குரூப்பில் பெரிய சண்டை. இரண்டு பக்கத்து வசையையும் கோமதிநாயகமே அடுத்தடுத்து உட்கார்ந்து எழுதினார். கடைசியில் யாரை ஜெயிக்கவைப்பது என்று தெரியாமல் ஷாஜி பெயரில் சமாதானமும் எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதம் இப்படி ஓடியது. உண்மையைச் சொன்னால் சனிக்கிழமைக்காக அவர் காத்திருக்கவே தொடங்கியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் எழுதியதை நாலு பேர் ரசித்தது இதுதான் முதல் தடவை.

இப்போது அந்த ரசனையின் பலனாகச் சொர்ணம்மாள் பெட்டியில் புடவை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏ சொர்ணம், அது தேயிலை,” என்றார். “போனக்காட்டுத் தேயிலை. ருசி பார்த்து எழுதிப் பழகுதேன்.”

“தேயிலைக்கு ஐஸா?”

“ஐஸ் டீ.”

“மூணு ரவுண்டு?”

“நல்ல டீ.”

அவள் அடுக்களை ஜன்னலைப் பார்த்தாள். அங்கே மூன்று அழகான கண்ணாடி பாட்டில்களில் மணி பிளான்ட் செழித்துத் தொங்கியது. ஒன்றில் கப்பல் படம், ஒன்றில் மான்கொம்பு, ஒன்றில் தொப்பிக்காரன். மூன்று பேரும் எழுத்துக்கு நன்றியாகக் கொடுத்த காலி பாட்டில்கள். ‘உனக்குச் செடி வைக்க’ என்று இவரே கொண்டுவந்து கொடுத்தவை.

“இந்தத் தொப்பிக்காரன்தான் போனக்காட்டுலே டீ விக்கானா?” என்றாள் சொர்ணம்மாள். “நானே பாட்டிலைக் கழுவி, நானே தண்ணி ஊத்தி, நானே ஜன்னல்லே வச்சு ஊருக்குக் காட்டியிருக்கேன். பத்தரைக்குத் தம்பானூர்லே தென்காசி பஸ் இருக்கு. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்.”

 அவள் கத்தியிருந்தால்கூடக் கோமதிநாயகம் பயந்திருக்கமாட்டார். கத்தாமல் மடித்தாள். வெல்லம் தின்றவன் ஒருவன், விரல் சூப்பியவன் ஒருவன் என்பார்கள். இவர் விரலைக்கூடச் சூப்பவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஏழாம் மாடிக்கு, ஷாஜியின் வீட்டுக்கு ஓடினார்.

“சார், வாக்கைத் திருப்பி எடுத்துக்கோங்க. வீட்டிலே உண்மையைச் சொல்லியே ஆகணும்.”

ஷாஜி பதறினார். “அய்யோ, அது நடக்காது அண்ணாச்சி! உன் வீட்டுச் சேச்சிக்குத் தெரிஞ்சா, இருமலுக்குக் கஷாயம் வாங்க வாரா வாரம் அங்கே வர்ற என் பொண்டாட்டி ஜெஸிக்குத் தெரியும். ஜெஸிக்குத் தெரிஞ்சா ஃப்ளாட் முழுக்கத் தெரியும். ஒண்ணு செய்யலாம். நானே வந்து நீ குடிக்காத மனுஷன்னு சாட்சி சொல்றேன். மத்தது ஒண்ணும் மிண்டண்டா, வாயைத் திறக்காதே.”

சாட்சி கீழே வந்தது. கை கூப்பியது.

“சேச்சி, அண்ணாச்சி சொக்கத் தங்கம். பத்து வருஷமா காணுறேன், குடிக்கிற அந்த சாதனம் தொட்டதேயில்ல.”

“பின்னே இது என்ன சார்?” என்று சொர்ணம்மாள் டைரியை நீட்டினாள்.

தன் வரிகளைக் கண்டதும் ஷாஜிக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே சமாளித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்று திருப்பினார். அவர் முகம் மாறியது.

“இது அஜீஷ் போட்டதல்லே? இந்தக் ‘கல்லாற்றில் குளித்து ஏறியபின் வெயில்’... இது டாக்டர் போட்டது! போன மாசம் நான் இதுக்கு மூணு ஹார்ட் கொடுத்தேனே! அண்ணாச்சி!”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஷாஜி அங்கேயே நின்று இரண்டு போன் போட்டார். ஐந்து நிமிஷத்தில் அஜீஷ் பர்முடாவோடும் ரெனி டாக்டர் பல் தேய்த்த நுரையோடும் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சின்ன ஹாலில் மூன்று பெரிய மனிதர்கள் ஒரு டைரிக்கு அடித்துக்கொண்டார்கள்.

“டாக்டரே, என்னை ‘நாக்கில்லாதவன்’னு எழுதினது நீ இல்லையா?”

“நீ என்னை ‘லவங்கப்பட்டை வைத்தியன்’னு எழுதினியே!”

“ரெண்டும் நான்தான்,” என்றார் கோமதிநாயகம் மெதுவாக. “மன்னிக்கணும். ரெண்டும் ஒரே பேனா.”

சொர்ணம்மாள் பெட்டியின் ஜிப்பை நிறுத்தினாள். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “அப்போ இதெல்லாம் இவங்களுக்காக எழுதிக் கொடுத்ததா?”

“ஆமா சொர்ணம். அதைத்தான் சொல்ல முடியாமத் தவிச்சேன்.”

அவள் முகம் ஒரு நொடி இளகியது. அவருக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து அஜீஷ் வாயைத் திறந்தான்.

“ஆனா ஒண்ணு பறயணும் சேச்சி. அண்ணாச்சி எழுதினதெல்லாம் அச்சொட்டு. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. குடிச்சா அதே ருசி!”

“அதே ருசியா?” என்றாள் சொர்ணம்மாள். ஜிப் மறுபடி நகர்ந்தது. “குடிக்காதவருக்கு அதே ருசி எப்படித் தெரியும்?”

மூன்று பேரும் சண்டையை விட்டுவிட்டுக் கோமதிநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கே இது இப்போதுதான் உறைத்தது.

“அது சரியாணல்லோ,” என்றார் ரெனி. “எப்படி?”

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்கு வேற ருசி எதுவும் தெரியாதே. எல்லாம் நீ சமைச்சதுதான், சொர்ணம். வெல்லப்பாகு, ஓணத்துக்கு நீ வாழைக்காய் வறுத்துப் போட்டுச் செஞ்ச சர்க்கரவரட்டி. கருப்பட்டி, காலையிலே நீ தர்ற காப்பி. சுக்கு, கிராம்பு எல்லாம் நம்ம அடுக்களை. உன் கையை நினைச்சுத்தான் எழுதினேன். அவ்வளவுதான்.”

இந்த இடத்தில் எந்தப் பெண்ணும் கண் கலங்கவேண்டும். சொர்ணம்மாள் இடுப்பில் கைவைத்தாள்.

“இருபத்தாறு வருஷத்திலே ஒரு நாள், ஒரே ஒரு நாள், குழம்பு நல்லாருக்குன்னு உங்க வாயிலேருந்து வந்திருக்கா? உப்பு கூடினா மட்டும் வாய் திறக்கிய. இப்போ என் கருப்பட்டிக் காப்பிக்கு மூணு பக்கம் எழுதினேன்னா நான் நம்பணுமா? அமெரிக்காக்காரன் சாராயத்திலே நம்ம ஊரு கருப்பட்டி எப்படி வரும்?”

“வராது,” என்றார் கோமதிநாயகம். வேறு என்ன சொல்வார்?

“ஆனா உண்டு!” என்றார் ஷாஜி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. “சேச்சி, என் பாட்டில்லே கருப்பட்டி கண்டிப்பா உண்டு. நானே ருசிச்சேன்.”

“என்னதிலே சுக்கு,” என்றார் ரெனி. “தொண்டையிலே அந்தக் காரம் நிக்கும். அண்ணாச்சி அதைக்கூடப் பிடிச்சுட்டார்.”

“குடிச்சாலொழிய எழுத முடியாது,” என்று அஜீஷ் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

இவர்கள் ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் கோமதிநாயகத்தின் குடித்தனம் ஒரு படி இறங்கியது. எழுதியது பொய்யாக இருந்தால் பிழைத்திருப்பார். அத்தனையும் நிஜமாகப் போனதுதான் வினை. சொர்ணம்மாள் பெட்டியைத் தூக்கினாள். அது கனத்தது. கோமதிநாயகம் பழக்கத்தில் எழுந்துபோய் அதை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது.

“பொய்தானே சொன்னிய?” என்று கேட்டாள், உள்ளே போன குரலில். “குடிச்சதைவிட அதுதான் எனக்குத் தாங்கலே.”

“உன்மேல் ஆணையா, நான் எழுதினது உன் சமையலைத்தான்.”

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஷாஜியின் மனைவி ஜெஸி. ஆறிப்போகிற புட்டுக்குப் புருஷனைத் தேடிக் கீழே வந்தவள், எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாளோ தெரியாது. ஷாஜியைப் பார்த்தாள், அஜீஷையும் டாக்டரையும் பார்த்தாள், பிறகு சொர்ணம்மாளின் பெட்டியைப் பார்த்தாள். சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று யோசிப்பதுபோல முந்தானை நுனியைத் திருகினாள். வழி இல்லை என்று தெரிந்து உள்ளே வந்து சொர்ணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சேச்சி, அண்ணாச்சி சத்தியந்தான் சொல்றார். எனக்கு இருமலே கிடையாது. வாரா வாரம் உங்ககிட்டே நான் வாங்கிட்டுப் போற சுக்கு, கிராம்பு, கருப்பட்டிக் கஷாயத்தைத்தான், குடி குறையட்டும்னு ஆறு மாசமா இவங்க மூணு பேர் பாட்டில்லேயும் நாங்க பொண்டாட்டிமார் ஊத்தி வைக்கிறோம்.”