சாம்பலரக்கன் காத்திருந்த படலம்

வாழ்க ரஞ்சனி! பன்னிரண்டு சிற்றூர்களின் பச்சிளங்குழவியர்க்கு ஊசிமுனையால் அச்சத்தையும் ஆயுளையும் ஒருங்கே வழங்கிய நர்ஸம்மா வாழ்க! மாவுக்கட்டு பூண்ட இடது காலை இரண்டு தலையணைமேல் ஏற்றி, நீலநிறப் பிளாஸ்டிக் நாற்காலியாகிய அரியணையில் சாய்ந்து, கன்ட்ரோலராகிய செங்கோலை இரு கைகளாலும் தாங்கி, நாற்பத்து மூன்று அங்குலத் தொலைக்காட்சித் திரையையே தன் நாடாகக் கொண்டு இருபத்திரண்டு நாள் ஆண்ட அந்தப் பெருமாட்டியின் புகழை யார் பாடுவர்? செஞ்சிக் கோட்டையின்மேல் வந்த படையெடுப்புகளை எண்ணி எண்ணியே வரலாற்றாசிரியர்கள் களைத்துப் போனார்கள். ஆகவே அந்தப் பணி நம் தலையில் விழுந்தது. மூலையில் பச்சை விளக்கெரிய உறுமிக்கொண்டிருக்கும் ஸ்டெபிலைசரே, எம் நாவிலும் மின்னழுத்தம் குறையாமல் காத்தருள்க!

அவள் வீழ்ந்த வரலாற்றை முதலில் சொல்ல வேண்டும். பதினான்கு ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போயும், தடுப்பூசிக்கு அஞ்சி வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளியும் பிள்ளைகளைத் துரத்திப் பிடித்தும், வெயிலுக்கும் நாய்க்கும் சளைக்காமல் ஸ்கூட்டியில் திரிந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், வண்டிச் சக்கரங்கள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று உழவர் பெருமக்கள் மேல்சித்தாமூர்ச் சாலையில் பரப்பி வைத்திருந்த உளுத்தஞ்செடிகளின்மேல் வழுக்கினாள். பன்னிரண்டு ஊர் நாய்களால் வீழ்த்த முடியாதவளை உளுந்து வீழ்த்தியது. கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது என்று மருத்துவர் ஆணையிட்டார்.

முதல் நான்கு நாளில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் எது ஆடுகிறது என்பதை ஐயமறக் கண்டறிந்தாள். ஐந்தாம் நாள், யாரும் பாராதபோது, போர்வைக்குள் முகம் புதைத்து அழுதாள். ஆறாம் நாள் அவள் தம்பி ஆனந்தராஜ் சென்னையிலிருந்து ஒரு கேம் பெட்டியோடு வந்திறங்கினான்.

"இத வெச்சிக்கோக்கா. நான் இன்னா, ஆபீஸ் போயிட்டு வந்து தூங்கத்தான் போறேன்" என்று சொல்லி, டிவியில் கம்பியைச் செருகி, எந்தப் பொத்தான் எதற்கு என்று கால்மணி நேரம் போதித்துவிட்டு, மாலைப் பேருந்தில் மறைந்தான்.

திரை ஒளிர்ந்தது. ஈட்டி ஏந்திய சிவப்பு மேலாடைப் பெண்ணொருத்தி புல்வெளியில் கண்விழித்தாள். உடனே விண்ணதிர ஒரு கிழவனின் குரல் முழங்கியது: "வடதிசைக் கருங்கோட்டையில் சாம்பலரக்கன் எழுந்துவிட்டான்! பெண்ணே, இமைப்பொழுதும் தாழ்த்தாதே! நீ தாழ்த்தினால் இவ்வுலகம் நீறாகும்!" உலகத்தைக் காக்கும் பொறுப்பு தன்மேல் விழுந்ததை உணர்ந்த ரஞ்சனி, நெஞ்சு விம்ம, ஈட்டியை உயர்த்திப் பதினோரு அடி நடந்தாள். பன்னிரண்டாம் அடியில் ஒரு காளானைக் கண்டாள்.

அத்தோடு உலகத்தின் கதி அதோகதியானது. அந்தக் காளானுக்குப் பின்னால் இன்னொரு காளான் இருந்தது. அதற்கப்பால் ஓர் ஓடை. ஓடைக்கப்பால் யாருக்கும் அடங்காத ஒரு சாம்பல்நிறக் குதிரை. குதிரையை வசப்படுத்த ஒன்றரை நாள். வசப்பட்ட குதிரைக்கு ஆப்பிள் தேட அரை நாள். ஆப்பிள் மரத்தை ஈட்டியால் தட்டினால் பழம் உதிரும் என்றும், உதிர்ந்த பழம் உருண்டுபோய் அடுப்பில் விழுந்தால் சுட்ட பழமாகும் என்றும், அந்தச் சுட்ட பழத்தைத் தின்றால் மலையேறும் மூச்சு கூடும் என்றும் எவரும் சொல்லாமலே அவள் கண்டுபிடித்தபோது, தன் தலைமேல் மகுடம் இறங்கியது போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன விந்தை நாடு அது! அங்கே கண்ணுக்குத் தெரிந்த மலையெல்லாம் ஏறத் தக்க மலை. ஆற்றின் அக்கரையில் புகை எழுந்தால் போய்ப் பார்க்கலாம். கதவைத் தட்டினால் திறந்தார்கள். "அது எங்க செக்‌ஷன் இல்லைங்க" என்று சொல்ல அந்த நாட்டில் ஓர் எழுத்தர் கூட இல்லை.

இவ்வாறாக இருபத்திரண்டு நாள் கழிந்தன. நாற்பத்தொரு வகைக் காளான்கள் அவள் பையில் குவிந்தன. சாம்பலரக்கனோ கருங்கோட்டையில், புரோட்டா மாஸ்டர் வராத உணவகத்து முதலாளியைப் போல வாசலையே பார்த்துக்கொண்டு வீற்றிருந்தான்.

இந்த அநியாயத்தைக் கண்டு பொறாத ஒருவர் அவ்வீட்டில் உண்டு. அவர்தான் அவள் கணவர், செஞ்சிக் கடைவீதியில் பெயிண்ட் கடை நடத்தும் தாண்டவராயர். வெள்ளை கேட்டவனுக்கு வெள்ளையை மட்டுமே காட்டும் நேர்மையாளர். விழுப்புரத்துக்குப் புறப்பட்டால் வழியில் டீ கூடக் குடிக்காமல் விழுப்புரத்துக்கே போகும் ஏகபாண வீரர். கடையடைத்து வந்து நாள்தோறும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்னா, முடிச்சிட்டியா அவன?"

"இன்னும் இல்லீங்க."

"இன்னாதான் பண்ண காலையிலேர்ந்து?"

"மீன் புடிச்சேன்."

தாண்டவராயர் நெற்றியில் அறைந்துகொள்வார். அவருடைய தாயார் லட்சுமியம்மாளின் கவலையோ வேறு. தட்டில் சோறு கொண்டுவரும் போதெல்லாம் திரையை உற்று நோக்கி, "அந்தப் பொண்ணு சாப்டுச்சா?" என்று கேட்டு, சாப்பிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகே மருமகளுக்குக் குழம்பு ஊற்றுவார்.

ஊழின் சக்கரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உருண்டது. ஆனந்தராஜுக்குப் புனேவுக்கு மாற்றலாகிவிட்டது. பெட்டியை எடுத்துப் போக வந்தவன், ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும் என்று அறிவித்தான். அப்போது மணி மூன்றே முக்கால். போர்க்குழு கூடியது. சுவரோரம் நின்று தாண்டவராயர் முழங்கினார்.

"தோ பாரு ரஞ்சனி. ஒண்ணே முக்கா மணி நேரம் இருக்குது. நேரா கோட்டைக்குப் போ. அவன முடி. எடுத்த வேலய முடிக்காம பொட்டிய அனுப்புனா எனக்குத் தூக்கமே வராது."

"மாமா சொல்றது கரெக்ட்க்கா. நானே ரெண்டு வாரத்துல முடிச்சேன்" என்றான் ஆனந்தராஜ்.

ரஞ்சனி தலையசைத்தாள். ஈட்டியைத் தீட்டினாள். குதிரையேறினாள். வடதிசை நோக்கி அவள் புறப்பட்ட காட்சியைக் கண்டு தாண்டவராயரின் மார்பு பூரித்தது. இருபத்திரண்டு நாளில் முதன்முறையாக அவர் உட்கார்ந்தார். அரைமணி நேரம் குதிரை பறந்தது. காடு கடந்தது, பாலம் கடந்தது, கருங்கோட்டையின் கோபுரம் கூடத் தெரிந்தது. அந்தோ! அக்கணத்தில் வலப்பக்கம், மேகம் விலகிய ஒரு கொடுமுடியின் உச்சியில், வெண்டைக்காய் விதையளவுக்கு ஓர் ஒளி மினுக்கியது.

குதிரை நின்றது.

"ஏய், வேணாம்" என்றார் தாண்டவராயர்.

குதிரை வலப்பக்கம் திரும்பியது.

"அரக்கன் அங்க இருக்கான்டி!"

"அவன் எங்கங்க போவப் போறான்? அங்கயேதான் இருப்பான்" என்றாள் ரஞ்சனி. சற்று நிறுத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லச் சொன்னாள்: "பதினாலு வருஷமா ரிஜிஸ்டர்ல எந்த வீடு எழுதியிருக்குதோ அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூட, அங்க இன்னா இருக்குதுன்னு பாக்க வண்டியத் திருப்புனது இல்ல. விடுங்க."

பதினான்கு ஆண்டில் தானும் ஒருநாள் கூடத் திருப்பச் சொன்னதில்லை என்பது தாண்டவராயருக்கு நினைவு வந்திருக்கலாம். எதுவோ, நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இனி அந்த மலைப்போரைச் சொல்வோம். செங்குத்தாக நின்றது அந்தப் பாறை, மதிய உணவுக்குப் பின் அலுவலகத்தில் நகராமல் நிற்கும் மனுவைப் போல. சிவப்பு மேலாடையாள் அதில் கைவைத்தாள். மேல்மலையனூர் அமாவாசைப் பேருந்தின் படிக்கட்டில் ஒற்றைக் கால் விரல்களைப் பதித்து ஊர் வரை தொங்கிச் செல்லும் பக்தனைப் போலத் தொங்கினாள், ஏறினாள், பாதி உயரம் எட்டினாள். அப்போது திரையுலகின் வானம் கறுத்தது, இடி முழங்கியது, மழை கொட்டியது. நனைந்த பாறையில் கை வழுக்க, மூச்சைக் காட்டும் பச்சைப் பட்டை தேய்ந்து தேய்ந்து சிவந்து அணைய, ரஞ்சனி அடிவாரத்தில் வந்து விழுந்தாள். எழுந்தாள். ஏறினாள். விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்தபோது மாவுக்கட்டுக் கால் தலையணையிலிருந்து அரையடி துள்ளியது.

"மழ வுடட்டும்மா, கொஞ்சம் ஒதுங்கச் சொல்லு அந்தப் பொண்ண. காய்ச்சல் வந்துடும்" என்று மன்றாடினார் லட்சுமியம்மாள்.

"ஒதுங்க நேரமில்ல அத்தை" என்றாள் ரஞ்சனி. கட்டைவிரல்கள் வியர்த்திருந்தன. நாலேமுக்காலாகிவிட்டது. கடைசிச் சுட்ட ஆப்பிளைத் தின்றாள். நான்காம் முறை கைவைத்தாள்.

அப்போது அவையோரே, எவரும் எதிர்பாராத ஒரு குரல் எழுந்தது.

"எடது பக்கம் ஒரு வெட்டு இருக்குது பாரு."

தாண்டவராயரின் குரல் அது! அவர் நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்கு ஒரு சாண் தொலைவில் நின்று, சுவரின் விரிசலைக் கண்டுபிடிக்கும் தொழிற்கண்ணால் மலையைத் துழாவிக்கொண்டிருந்தார். "அங்க கால வை. நில்லு. மூச்சு வாங்கிக்கோ. இப்ப மேல. அய்யோ, அங்க இல்ல, இன்னும் மேல!" முதுகில் பையை மாட்டியிருந்த ஆனந்தராஜும், "அக்கா, குதி! குதிச்சுப் புடி!" என்று கூவினான். அவ்விருவரின் கூச்சலும் இடியோசையோடு கலக்க, பாறை வெட்டிலிருந்து வெட்டுக்குத் தாவி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, மூச்சுப் பட்டை ஒரு மயிரிழையாய் மிஞ்சிய கணத்தில், ரஞ்சனி உச்சியின் விளிம்பைப் பற்றினாள். ஏறி நின்றாள்!

அங்கே புதையல் இல்லை. வாளும் இல்லை. ஒரு கல் பலகை, அதன் பக்கத்தில் தொங்கும் ஒரு சிறு விளக்கு, அவ்வளவே. பொத்தானை அழுத்தினாள், சிவப்பு மேலாடையாள் பலகையில் உட்கார்ந்தாள். மழை விட்டது. மேகங்கள் கலைந்து அந்த நாடு முழுவதும் காலடியில் விரிந்தது: முதல் காளான் முளைத்த புல்வெளி, குதிரை அடங்கிய மேட்டுநிலம், மீன்பிடித்த ஏரி, சாப்பாடு போட்ட ஊர்கள். வடக்கே கருங்கோட்டை, சுண்டுவிரல் நகத்தளவில். தான் நடந்த வழியையெல்லாம் ரஞ்சனி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை நாளில் இந்தக் காலோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"இவ்ளோதானா? ஒண்ணுமே இல்லியே" என்றார் தாண்டவராயர்.

இடியோசையில் காதடைத்துப் போன ஆனந்தராஜ் ரிமோட்டை எடுத்து டிவியின் ஒலியை அறவே குறைத்தான். அவரும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரையின் ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"அங்க இன்னா அது, மினுக்குது?"

ரஞ்சனி அண்ணாந்து கணவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்ட்ரோலரை நீட்டினாள். ஏகபாண வீரர் அதை வாங்கினார். வாங்கியவர் முதல் அடியிலேயே மலையுச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்து மாண்டார். இரண்டாம் உயிர் பெற்றுக் குதிரையைத் தேடப் போய், ஒரு மானைக் குதிரையென்று கருதித் துரத்தினார். மானைப் பிடிக்காமல் வரமாட்டேன் என்று சூளுரைத்தார். ஐந்தரை மணிப் பேருந்து செஞ்சிப் பேருந்து நிலையத்தை விட்டு முறைப்படி புறப்பட்டது. "அடுத்த பஸ்ல போய்க்கறேன் மாமா, நீ பின்னாலேர்ந்து போ, பதுங்கிப் போ" என்று பையைக் கழற்றினான் ஆனந்தராஜ். ஆறு மணிப் பேருந்தும் போனது. மான் ஓடியது, தாண்டவராயர் ஓடினார், திரையில் மறுபடியும் மழை பிடித்தது. "டிவியில மழச் சத்தம் இன்னா தத்ரூபமா கேக்குது!" என்று வியந்து லட்சுமியம்மாள் கன்னத்தில் கைவைத்தார். வீரம் செறிந்த அந்த அவையில், திரையின் ஒலி ஐந்து மணிக்கே குறைக்கப்பட்டுவிட்டதை நினைவுகூர்ந்தவர் ஒருவரும் இலர்; உலகம் நீறாகவும் இல்லை; கோட்டை மலைகளாகிய ராஜகிரியின் மேலும் கிருஷ்ணகிரியின் மேலும் கார்முகில்கள் ஆயிரம் யானைப்படையெனத் திரண்டு, பிளிறி, தாரை தாரையாய்ப் பொழிந்து செஞ்சி மாநகரை முக்கால் மணி நேரமாக முழுக்காட்டிக்கொண்டிருந்தன.

மொட்டை மாடியில் காயப் போட்டிருந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது.