தீமிதிக்குத் தயாரான பாதம்

ஒரு வீரனின் வரலாறு அவன் உள்ளங்காலில் எழுதப்பட்டிருக்கிறது. பாண்டுரங்கனுக்கு அது பித்தவெடிப்பாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு தீக்குச்சியைச் செருகி நிறுத்தலாம்.

திரௌபதி அம்மன் தீமிதியில் பதினெட்டு வருடமாகப் பூசாரிக்கு அடுத்து முதல் ஆளாக இறங்குவது அவர்தான். மற்றவர்கள் தீயில் ஓடுவார்கள். அவர் ஜமுனாமரத்தூர் சந்தையில் கத்தரிக்காய் விலை விசாரிப்பவர் மாதிரி நிதானமாக நடப்பார். அந்த நடைக்காகத்தான் அந்த இடம். அது எப்போது காலியாகும் என்று பத்து வருடமாகப் பின்னால் நின்றுகொண்டிருந்தார் மணிவேல்.

வம்பு, தம்பி மகள் பிரியதர்ஷினியால் வந்தது.

"இந்த வாட்டி வீடியோ எடுத்து நெட்ல போடறேன் பெரிப்பா. லட்சம் பேரு பாப்பாங்க."

லட்சம் பேர்! பாண்டுரங்கன் காலைத் திருப்பிப் பார்த்தார். தீமிதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

அன்றே வெந்நீரில் கல்லுப்பைக் கொட்டிக் காலை அமுக்கினார்.

"இன்னாங்க, காத்தாலேர்ந்து ஊறுது. இட்லிக்கு ஆட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி சாந்தம்மாள்.

"உனக்கு இன்னா தெரியும்? பாதந்தான் மனுசனுக்கு முகம்."

"அப்ப முகத்த இன்னான்னு சொல்றது?"

ஊறிய குதிகாலைக் கருங்கல்லில் தேய்த்தார். வெடிப்பு போகவில்லை, தோல் போனது. உடனே மருந்துக்கடைக்குப் போய், காலாணிக்கு ஒட்டும் பட்டையை வாங்கிவந்து, ஆணியே இல்லாத பாதம் முழுக்க ஒட்டினார். மறுநாள் உரித்தபோது மிச்சத் தோலும் பட்டையோடு வந்துவிட்டது. அதன்மேல் வாசலினைப் பூசி, சாக்ஸ் மாட்டி, பிளாஸ்டிக் கவரால் கட்டிக்கொண்டு இரண்டு நாள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலையில் அவிழ்த்தார். பாதம் பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல் இருந்தது. "பாத்தியா!" என்று பெருமையாக எழுந்துபோய், வாசலில் காயப்போட்டிருந்த சாமைமேல் கால் வைத்தார்.

"ஐயோ, முள்ளு!"

சாந்தம்மாள் ஓடிவந்து குனிந்து பார்த்தாள். "முள்ளு எங்க கீது? சாமைங்க இது."

"சாமைதாண்டி குத்துது!"

"நாளைக்கு நெருப்புல எறங்கணும். பேசாம மணிவேல் அண்ணன மொதல்ல எறங்கச் சொல்லிடவா?"

"உசுரே போனாலும் மொத எடம் எனக்குத்தான்."

தோலைக் கெட்டியாக்க ஒரே வழிதான் தோன்றியது. ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் போய் நடந்தார். பத்தாவது அடியில் இரண்டு காலிலும் கொப்புளம். அந்த வழியாக வந்த மணிவேல் பைக்கை நிறுத்தினார்.

"இன்னா மச்சான், கோழி மாதிரி நடக்கற?"

"வேண்டுதல்."

"கோழிக்கா?"

மறுநாள் சாயங்காலம் ஊரே குண்டத்தைச் சுற்றி நின்றது. மஞ்சள் வேட்டியில் பாண்டுரங்கன் பூசாரிக்குப் பின்னால் இறங்கினார். வழக்கமாக ஒன்பது அடி வைத்துக் கடக்கும் குண்டத்தை அன்று நான்கே தாவலில் கடந்தார். போகிற வழியில் பூசாரியையும் கரகத்தையும் முந்திக்கொண்டு, எதிர்ப்பக்கத்துப் பால் குழியில் தொபுக்கென்று விழுந்தார்.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மணிவேலே கைகூப்பிவிட்டார். இனி எத்தனை வருடமானாலும் முதலிடத்தை அசைக்க முடியாது.

பாண்டுரங்கன் பாலைவிட்டுக் காலை எடுக்காமலே பிரியதர்ஷினியைக் கூப்பிட்டார்.

"வீடியோல பாதம் நல்லா வுழுந்துச்சாம்மா?"

"பாதம் எங்க பெரிப்பா தெரியும்? ட்ரோன் வுட்டு மேலேர்ந்து எடுத்தது." அவள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஆனா செம ரீச்சு. எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, முன்னாடி ஓடற வழுக்கத்தல யாருன்னு."

தன் உச்சந்தலை வழுக்கை என்பது பாண்டுரங்கனுக்கு அன்றுதான் தெரிந்தது.