நிப்பாட்டியார்

கடையில் விலை கேட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் நடையைக் கட்டுபவர்கள் ஓர் இனம். பேருந்தில் பக்கத்து ஆளின் கைப்பேசியை எட்டிப் பார்ப்பவர்கள் இன்னோர் இனம். இவர்களால் ஊருக்குப் பெரிய ஆபத்து இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது இனம்: ஓடுகிற எதைக் கண்டாலும் நிறுத்திப் பார்க்கும் இனம். மின்விசிறி ஓடினால் ஏன் ஓடுகிறது என்று நிறுத்திப் பார்ப்பார்கள். நீங்கள் ஆசை ஆசையாக ஒரு கதையை ஆரம்பித்து, திருடன் வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியில் அவன் காலில் ஏதோ தட்டுப்பட்டு, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "ஒரு நிமிஷம். எந்தக் கால்? இடதா வலதா?" என்று கேட்டு, திறந்த வாய் திறந்தபடி உங்களை நிறுத்திவிடுவார்கள். நீங்களும் யோசித்து, "இடதுன்னு நினைக்கிறேன்" என்பீர்கள். "சரி, மேல சொல்லுங்க" என்பார்கள். மேலே என்ன இருக்கிறது சொல்ல? கதை அங்கேயே செத்துப் போயிருக்கும்.

இந்த இனம் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் எங்கள் தொழிலில்தான் இவர்களுக்கு இதற்கென்று கருவியும் கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுக்கிறார்கள். எனக்கு எதிர் வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் நிப்பாட்டியார். அதை அவர் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் பிழைப்பு கணினி நிரல் எழுதுவது. நாங்கள் எழுதுவது நேராகக் கணினியில் ஓடாது. கணினிக்குள்ளே பாவனையாக இன்னொரு கணினி உண்டு, மெய்நிகர் எந்திரம் என்று பெயர், அதற்குள்தான் ஓடும். பிழை வந்தால் பிடிப்பதற்கு டீபக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதன் மகிமையை என்ன சொல்ல! ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், அந்த எந்திரம் முழுவதும் எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்கும். நின்றதும் அதன் ஒவ்வொரு பையிலும் கையை விட்டுத் துழாவலாம். துழாவுவதோடு போகாது, நின்ற நிலையிலேயே "உனக்கு என்ன தெரியும், செய்து காட்டு" என்று வேலையும் வாங்கலாம். இப்பேர்ப்பட்ட கருவியை அப்பேர்ப்பட்ட ஆசாமியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் வீட்டுக்குப் போவதே குறைந்துவிட்டது.

அவருடைய சடங்குகளைப் பார்க்க வேண்டும். முதலில் நாற்காலியை இறக்குவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குவார். பிறகு பொத்தானைத் தட்டி, நின்றுபோன நிரலைப் பார்த்து, "வா கண்ணு, யாரு நீ?" என்பார். பெற்ற பிள்ளையிடம்கூட அவர் அவ்வளவு கனிவாகப் பேசிக் கேட்டதில்லை.

அவருக்கு உயிர், இன்டர்ஃபேஸ் என்கிற சமாச்சாரம். அது வேறொன்றுமில்லை, ஒரு பெயர்ப்பலகை. 'இங்கே ரத்து செய்யப்படும்' என்று பலகை சொல்லும். யார் செய்வார் என்று சொல்லாது. பின்னால் நிஜமாகவே ரத்து செய்கிற ஆள் உட்கார்ந்திருக்கலாம்; ஒத்திகைக்காக நாங்கள் உட்கார வைத்த பொம்மையும் உட்கார்ந்திருக்கலாம். பொம்மை எதைச் சொன்னாலும் 'ஆச்சு' என்று தலையாட்டும், ஒன்றையும் செய்யாது. (எங்கள் மேலாளர்களிலும் இந்த ரகம் உண்டு, அது வேறு கதை.) டீபக்கரில் பலகையைத் தட்டினால் பின்னால் இருப்பது யார் என்று காட்டிவிடும். பார்த்துவிட்டு வேலை வாங்க வேண்டும். வேலை வாங்கிவிட்டுப் பார்க்கக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை நிற்க வைத்து இந்தப் பாடத்தை நடத்துபவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நிப்பாட்டியாரேதான்.

கருவி கையில் இல்லாத நேரத்தில் இதே சோதனையை மனிதர்களிடம் நடத்துவார். "உங்களைப் பொய்க்காரன்னு சொன்னா உங்களுக்குக் கோபம் வருமா?" என்று கணக்குப் பிரிவுக்காரரிடம் ஒரு நாள் கேட்டார். வந்தது. "வருது" என்று தலையை ஆட்டிக்கொண்டு இடத்துக்குத் திரும்பிவிட்டார். கணக்குப் பிரிவுக்காரர் அன்றோடு இவரிடம் பேசுவதில்லை. இவருக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. "சும்மா கேட்டுத்தானே பார்த்தேன்! நிஜமாவா சொன்னேன்?" கேட்பது என்பதும் ஒரு காரியம்தான், அதுவும் நடந்துவிட்ட காரியம் என்பது அவர் மண்டையில் ஏறவே ஏறாது.

அவருடைய மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். தோளில் ஏதோ நரம்பு கிழிந்து, ஒரு கை காது உயரத்துக்கு மேல் எழும்பாது. வேனைத் திருப்பும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார். பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று பாட்டை சத்தமாக வைப்பார். ஐந்து மாதம் காத்திருந்து பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தார். மாற்று டிரைவர் பிடித்தாயிற்று, மகளை அக்கா வீட்டில் விட்டாயிற்று, பையும் கட்டி வைத்தாயிற்று. மறுநாள் காலையில் போய்ப் படுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கிற நிரல், எங்கள் அலுவலகம் செய்து கொடுத்தது.

முந்தின நாள் வந்த புகாரே அன்று மத்தியானமும் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி வந்தது. தேதியை ரத்து செய்தால் சில சமயம் ரத்தாவதில்லையாம். எங்கள் குழுத் தலைவி, "ஒத்திகைப் பிரதியில வெச்சுப் பாருங்க, போதும்" என்றார். நிப்பாட்டியார் சிரித்தார்.

"ஒத்திகையில நேத்தே பார்த்துட்டேன் மேடம், அங்க பிழை வரலை. ஓடுறதை நிறுத்தினாத்தான் உண்மை வெளியே வரும்."

சொல்லிவிட்டு, குழுத் தலைவி 'வேண்டாம்' என்று வாயெடுப்பதற்குள், நிஜமாக ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தில் டீபக்கரைக் கொண்டுபோய் மாட்டினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. விரல்கள் சொடுக்கப்பட்டன. பொத்தான் தட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் அத்தனை கவுன்ட்டரும் ஒரே நேரத்தில் நின்றுபோனது.

தொலைபேசி அலறத் தொடங்கியது. குழுத் தலைவி ஓடி வந்தார்.

"அங்க ஒரு கவுன்ட்டரும் அசையலையாம்! ஜனங்க சண்டைக்கு வர்றாங்களாம்! விடுங்க சார் அதை!"

"ஒரு நிமிஷம் மேடம். இப்பதான் உள்ள போயிருக்கேன்."

உள்ளே போனவருக்கு, ரத்து செய்யச் சொல்லிப் பார்க்க ஒரு நோயாளி எண் தேவைப்பட்டது. எவருடைய எண் மனப்பாடமாகத் தெரியும்? கொஞ்ச நாளாக வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போன் போடும்போதெல்லாம் ஒப்பித்த எண் ஒன்றுதான். அதைத் தட்டச்சு செய்தார். நான் எழுந்து அவர் பக்கம் ஓடினேன்.

"சார், பின்னாடி இருக்கிறது யாருன்னு பார்த்தீங்களா?"

"பொம்மைதான். நேத்தே பார்த்தேன்னு சொன்னேனே."

நேற்று பார்த்தது ஒத்திகைப் பிரதியில். இது நிஜம். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தட்டிவிட்டார். 'ஆச்சு' என்று பதில் வந்தது. நாற்காலியில் சாய்ந்து எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாத்தீங்களா? ரத்து அருமையா வேலை செய்யுது. குறை அவங்க பக்கம்தான்."

அருமையாகத்தான் வேலை செய்தது. எந்திரத்தை அவர் விட்டதும் கவுன்ட்டர்களுக்கு உயிர் வந்தது. முதல் வேலையாக ஒரு குறுஞ்செய்தி கிளம்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் அவருடைய கைப்பேசி அடித்தது. எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, ஆஸ்பத்திரியிலேருந்து மெசேஜ் வந்திருக்கு. நாளைக்கு ஆபரேஷன் ரத்தாம். நான் கேட்டுக்கிட்டபடி ரத்து பண்ணிட்டாங்களாம். நான் எங்கங்க கேட்டேன்?"

வேறொருவராக இருந்தால் முகம் வெளுத்திருக்கும். இவர் முகம் மலர்ந்தது.

"மெசேஜே வந்துடுச்சா? ஒரு நிமிஷம், வார்த்தை மாறாம அப்படியே படி."

மனைவி படித்தார், பாவம்.

"நோயாளி எண் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. என்னோடதுதான்."

"அப்போ பின்னாடி நிஜ ஆளுதான் உக்காந்திருக்கான்" என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கே புரிந்தது. நெற்றிக் கண்ணாடி தானாக வழுக்கி மூக்குக்கு வந்தது.

"யாருங்க? எங்க உக்காந்திருக்கான்? என்ன பண்ணீங்க?"

ரத்தைத் திரும்ப வாங்கலாமே என்பீர்கள். அந்தப் பலகையில் 'ரத்து செய்' என்று மட்டும்தான் இருக்கிறது. 'தெரியாமல் செய்துவிட்டேன், விட்டுவிடு' என்று ஒரு வேலையை யாரும் அதில் எழுதவில்லை. போதாததற்கு, காலியான இடத்தைக் காத்திருப்போரில் அடுத்தவருக்கு உடனே தூக்கிக் கொடுக்கிற ஏற்பாட்டையும் நாங்களே செய்து, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருந்தோம். யாரோ ஒரு பெரியவருக்கு அழைப்புப் போய், அவரும் 'வருகிறேன்' என்று பதில் போட்டுவிட்டார். குழுத் தலைவி ஆஸ்பத்திரியில் கெஞ்சிப் பார்த்தார். இனி இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி என்றார்கள்.

நிப்பாட்டியார், இன்னும் லைனில் இருந்த மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார். "உள்ள புகுந்து அந்தப் பெரியவரைத் தூக்கிட்டு உன் பேரைப் போட்டா உனக்குச் சம்மதமா? சும்மா கேக்கறேன்."



"அவரும் வலியோடதானே காத்துக்கிட்டிருந்திருப்பாரு? இந்நேரம் வீட்டுல எல்லாருக்கும் சொல்லியிருப்பாரு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நாளைக்கு வேனை நானே எடுக்கறேன்னு பள்ளிக்கூடத்துல சொல்லணும். வெச்சுடறேன்."

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒருத்தி இரண்டு மாதத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வேனைத் திருப்பப் போகிறாள். அதைச் செய்தவர் 'நேற்று பொம்மை, இன்று நிஜம், எப்படி?' என்று திரையை மறுபடி துழாவிக்கொண்டிருந்தார். குழுத் தலைவி அவருடைய கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி, "முதல்ல வீட்டுக்குப் போங்க" என்றார்.

போனார். மறுநாள் காப்பி எந்திரத்துக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்து, வீட்டில் நடந்ததை ஓர் ஆராய்ச்சி முடிவைச் சொல்வதுபோல அவரே சொன்னார்.

"போனதும் கேட்டேன் சார். 'நான் இப்போ மன்னிப்புக் கேட்டா நீ என்ன சொல்லுவே?'ன்னு."

"என்ன சொன்னாங்க?"

"'கேளுங்க, சொல்றேன்'னா."

"கேட்டீங்களா?"

"அது எப்படி சார்? என்ன பதில் வரும்னு தெரியாம எப்படிக் கேக்கறது?"

என்ன, சிரிக்கிறீர்களா? டீபக்கர் என்கிற பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம், அந்த ஆசாமிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். சரிதான். நல்லபடியாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை நிறுத்தி, 'உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?' என்று கேட்டு, அது திருதிருவென்று விழித்ததை ரசித்தது யார்? சண்டை ஓய்ந்து எல்லாரும் தூங்கப் போகிற நேரத்தில், 'நான் இல்லாமப் போனா உனக்கு நிம்மதிதானே?' என்று பதிலுக்காகக் காதைத் தீட்டியது யார்? அதற்கெல்லாம் எந்தக் கருவியும் தேவைப்படவில்லையே. இப்போதுகூட, 'நான் அந்த இனமா?' என்று பக்கத்து அறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தால் என்ன என்று உங்களுக்கு ஓர் எண்ணம் வருகிறது, இல்லையா? வேண்டாம், கேட்காதீர்கள். அவர் ரொம்ப நாளாகப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டிருக்கிறார்.