கடைசி முத்தத்தின் நாலாம் திருத்தம்

பில்லில் எழுதியபடி படத்தில் இருந்தவர்கள்: பெட்டிக்குள், பூக்கிரீடமும் வெள்ளைக் கையுறையும் மூக்கில் பஞ்சுமாக, புத்தன்புரயில் வீட்டுக் குரியாக்கோஸ். தலைமாட்டில் சிலுவை பிடித்த பாதிரியார் அச்சனின் கை மட்டும். ஓரத்தில், தேவாலயத்தில் மணியடிக்கும் கப்யார் அவுசேப்பின் பாதித் தோள். நடுவில், குனிந்து அப்பனுக்குக் கடைசி முத்தம் கொடுக்கும் ஒரே மகன் மோன்சி.

இவர்களில் மோன்சி மட்டும் அன்றைக்கு அங்கே இல்லை. ஹூஸ்டனில் இருந்தான்.

அவனைப் பெட்டியருகே கொண்டுவந்து நிறுத்தியது எல்தோ. கேரளத்தில், கோலஞ்சேரியில் பெத்லகேம் ஸ்டுடியோ அவனுடையது. கல்யாணங்களை டிரோன்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். எல்தோவுக்கு மிஞ்சியது செத்தவர்கள். அடக்கத்துக்கு வராமல்போன வெளிநாட்டுப் பிள்ளைகளை வந்தவர்களாக்கிக் கொடுப்பதுதான் இப்போது அவனுக்குச் சோறு. படம் இணையத்தில் போகும், பணம் இணையத்தில் வரும். கடைப் பலகையில் இந்த வேலைக்குப் பெயர் இல்லை. கேட்டால் பாஸ்போர்ட் போட்டோ என்பான்.

மோன்சியின் படத்தை அனுப்பிய மறுவாரம், பணம் கைமாற்றும் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. வாங்கியவர் பொருள் கிடைக்கவில்லை என்று புகார் செய்திருக்கிறார். தீர்ப்பு வரும்வரை கணக்கு முடக்கம். தீர்ப்பு பாதகமானால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

கணக்கு மூடினால் கடையும் மூட வேண்டியதுதான். எல்தோ ஹூஸ்டனுக்குப் போன் போட்டான்.

"மோன்சி, படம் கிடைச்சுதுன்னு நீதானே கும்பிடு போட்டு அனுப்பினே?"

"கிடைச்சுது எல்தோச்சேட்டா. ஆனா நான் குள்ளமா இருக்கேன். அந்தப் புகார்ல 'குள்ளமா இருக்கேன்'னு ஒரு கட்டம் இல்லை. அதான் 'கிடைக்கலை'யில டிக் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"இங்கே முதல்ல புகார், அப்புறம்தான் பேச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

அவன் குள்ளமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. கழுத்துக்கு மேலேதான் மோன்சி. கழுத்துக்குக் கீழே எல்தோ.

கதவைச் சாத்திவிட்டு எல்தோ மறுபடியும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பலகைமேல் ஏறி நின்று, மேஜையில் கிடத்திய தலையணைக்கு முத்தம் கொடுத்தான். மனைவி லிஸ்ஸி படம் பிடித்தாள்.

"முட்டியை மடக்காதே மனுஷா. தலகாணிக்கு என்ன வெட்கம்? எனக்குக் கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இப்படிக் குனியலை."

"வாயை மூடிட்டு எடுடீ."

லிஸ்ஸி படம் பிடிப்பதோடு சரி. ஒட்டு வேலை நடக்கும் திரையைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் தானும் கூட்டு என்பாள்.

இரண்டாம் படம் போனது. மோன்சி அழைத்தான்.

"உயரம் சரி. ஆனா முத்தம் கொடுக்கற மாதிரி இல்லை, மீன் நல்லதான்னு மோந்து பார்க்கற மாதிரி இருக்கு."

"உதட்டைச் சரி பண்றேன்."

"அப்புறம் கண்ணீர் வேணும். இங்கே சர்ச்சுல எல்லாரும் பார்ப்பாங்க. ஊருக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்போ அந்த வாரம் எங்கே இருந்தே?"



"வீட்டுக்குள்ளதான். திரையை இழுத்துவிட்டுட்டு உக்காந்திருந்தேன். வெளியே போனா யாராவது பார்த்துடுவாங்களே."

 எல்தோ வேலைப் பேச்சுக்குத் திரும்பினான். "அப்பன் பக்கம் ஏதாவது திருத்தணுமா?"

"அப்பனைத் தொடாதீங்க. அப்பன்தான் அச்சு அசலா வந்திருக்கார். அப்புறம், அம்மச்சிக்கு இது தெரியவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அவன் தாய்க்குச் சொல்வதில்லை என்று எல்தோ சத்தியம் செய்தான். பிறகு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினான். லிஸ்ஸி அவன் கன்னத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்தாள்.

"அவன் அப்பனுக்கு நீ அழறே. இந்தப் பாவத்தை யார் பேர்ல எழுதறது?"

"பங்கு போட்டுக்கலாம்."

"எனக்கு வேண்டாம். வெங்காயத்தைக் கொடு, குழம்புக்காவது ஆகட்டும்."

மூன்றாம் படத்துக்கு மோன்சி சொன்னான்: "ஒரு கண்ணுலதான் வருது. சொட்டு மருந்து விட்ட மாதிரி இருக்கு." நாலாம் படத்தில் இரண்டு கண்ணிலும் ஊற்றினான் எல்தோ. "சூப்பர்" என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு மோன்சி போனை எடுக்கவில்லை. புகார் அங்கேயே இருந்தது. படமும் வந்தது, பணமும் திரும்பி வந்தால் வேண்டாமென்றா சொல்வான்?

எல்தோ கம்பெனிக்கு எழுதினான். ஹூஸ்டனில் படம் திறக்கப்பட்டதற்கான பதிவை இணைத்தான். பதில் மரியாதையாக வந்தது. விற்பவருக்கான பாதுகாப்பு, கையில் பிடிக்கக்கூடிய பொருள்களுக்கு மட்டும். கூரியர் ரசீது வேண்டும். பெற்றவர் கையொப்பம் வேண்டும். பணம் செலுத்தியவரின் பதிவில் உள்ள அதே விலாசத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அந்த நேரம் கப்யார் அவுசேப்பு கடைக்குள் நுழைந்தார். எல்தோ சட்டென்று திரையை அணைத்தான்.

"என்னடா, நான் வந்தாலே இருட்டாக்கிடறே?"

"ஒண்ணுமில்லை சேட்டா. ஒருத்தருக்குப் படம் அனுப்பினேன், கிடைக்கலைங்கறார். கையில பிடிக்கற பொருளா இருந்தாத்தான் என் பேச்சு எடுபடுமாம்."

"நியாயம்தானே? கட்டளை பத்தையும் கடவுள் கல்லுல வெட்டித்தானே கொடுத்தார். வாயால சொல்லியிருந்தா மோசே 'எனக்கு வந்து சேரலை'ன்னுருப்பான். நீயும் நல்ல தேக்குல சட்டம் போட்டு அனுப்பு."

படத்தைக் காட்டாமலே எல்தோ நன்றி சொன்னான். நாலாம் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தேக்குச் சட்டம் போட்டான். கம்பெனியின் பதிவில் இருந்த விலாசத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே அச்சிட்டு ஒட்டி, கூரியர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

காலையில் கூரியர் ஆபீஸ் ஷீஜா அழைத்தாள்.

"எல்தோச்சேட்டா, அமெரிக்கா, உடையாம அனுப்புன்னு என்னை உயிரை வாங்கினீங்களே?"

"ஆமா."

"விலாசம் புத்தன்புரயில் வீடு, கோலஞ்சேரின்னு இருக்கு. உங்க கடை வாசல்ல நின்னு கூப்பிட்டா அவங்க திரும்பிப் பார்ப்பாங்க."

எல்தோ பதிவை எடுத்துப் பார்த்தான். மோன்சி ஊரில் இருந்தபோது தொடங்கிய கணக்கு. விலாசத்தை மாற்றவே இல்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பது அவன் தாய் ஏலியாம்மா ஒருத்திதான்.

"அதைத் திருப்பிக் கொடுத்துடு ஷீஜா."

"கொடுக்கறேன். ஆனா 'அனுப்பியவரே திரும்பப் பெற்றார்'னு பதிவாகும். பரவாயில்லையா?"

"ஐயோ, வேண்டாம்." பதிவான அந்த வரி போதும், கணக்கு போய்விடும்.

"அப்போ ஒண்ணு செய்ங்க. நீங்களே எடுத்துட்டுப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. எனக்கும் ஒரு நடை மிச்சம்."

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு எல்தோ நடந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். 'மோன்சிக்கு வந்திருக்கு சேடத்தி, பிரிக்க வேண்டாம், பீரோமேல வச்சுடுங்க.' அடக்கத்தன்று புத்தன்புரயில் வீட்டு முற்றத்தில் நின்றதுதான், அதற்குப் பிறகு வரவில்லை. அன்றைக்கு ஒரே தேவாலயத்தில் இரண்டு அடக்கம். மதியம் வடக்கேல் வீட்டு மத்தாயி, சாயங்காலம் குரியாக்கோஸ். ஒரே பூக்காரர், ஒரே மாதிரிப் பெட்டி. சோறு தின்ன நேரமில்லாமல் இரண்டையும் படம் பிடித்தான். வேலை முடிந்து ஒரு காப்பிக்குக்கூட உள்ளே வராமல் ஓடினவன், இப்போது பொய்யைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

ஏலியாம்மா கதவைத் திறந்தாள். வெள்ளை உடுப்பில் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள்.

"எல்தோவா? உள்ள வா மோனே. என்ன இது?"

"மோன்சிக்கு வந்திருக்கு சேடத்தி. பிரிக்க வேண்டாம்…"

"மோன்சிக்கா? அவன் எங்க வரப்போறான், பிரிக்கறதுக்கு?"

அடுக்களைக் கத்தி வந்தது. காகிதம் கிழிந்தது. ஏலியாம்மா சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். எல்தோ தன் கால் விரல்களைப் பார்த்தான்.

"மோன்சி வரலையே அன்னைக்கு."

"வரலை சேடத்தி. நான்தான் ஒட்டினேன். கழுத்துக்குக் கீழே நான்."

"இந்தக் கண்ணீரு?"

"அதுவும் நான்தான்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை அவன் பார்த்தானா?"

"நாலு தடவை பார்த்தான் சேடத்தி. மூணு தடவை திருத்தம் சொன்னான். உயரம், உதடு, கண்ணு…"

"அப்பனைப் பத்தி?"

இதிலாவது அந்தத் தாய்க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று எல்தோ தலையை நிமிர்த்தினான்.

"அப்பன்தான் அச்சு அசலா வந்திருக்கார்னான். தொடவே விடலை."

ஏலியாம்மா கண்ணாடியைக் கழற்றினாள். ரசீதை வாங்கி, காட்டிய இடத்தில் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டாள். எல்தோ ஜெயித்துவிட்டான். கணக்கு பிழைத்தது, கடை பிழைத்தது. பிறகு அவள் படத்தை எடுத்து அவன் கையிலேயே திருப்பி வைத்து, தோளைத் தொட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

"இதை வடக்கேல் வீட்டுல கொடுத்துடு மோனே. பெட்டிக்குள்ள கிடக்கறது மத்தாயி."

அவன் முதல் படியில் கால் வைக்குமுன் பின்னால் கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கப்புறம் சாவியும் திரும்பியது.