அக்கரைப் பிரபுவின் மூக்கு

அச்சு உருளையிலிருந்து முதல் படத்தை உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தகட்டுக்காரரின் மனைவி கேட்டாள்: "இது யாரோட மூக்கு?"

"நம்ம இக்கரைப் பிரபுவோடது. வேற யாரோடது?" என்றார் தகட்டுக்காரர், நிமிராமலே.

"முகம் அவரோடது. மூக்கு அக்கரைப் பிரபுவோடது."

எட்டிப் பார்த்தார். நிஜம்தான். புதுச் செப்புத் தகட்டில் ஆள் உருவம் முழுக்கச் செதுக்க ஒரு மாதம் பிடிக்கும். நாளை இக்கரைப் பட்டம் ஏற்கப்போகும் இளம் பிரபு கொடுத்ததோ பத்து நாள். அதனால், முன்பு தானே செதுக்கிய அக்கரைப் பிரபுவின் தகட்டை எடுத்து, தலையை மட்டும் சுரண்டிவிட்டு, அதே உடம்பில் புதுத் தலையைச் செதுக்கியிருந்தார். இளம் பிரபு சிறுவயதிலிருந்தே வெளிநாட்டில் வளர்ந்தவர். ஊரில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. மாதிரிக்கு அவர் அம்மா அனுப்பிய சின்ன ஓவியம்தான் இருந்தது. அதில் எள்ளுப்பூ மூக்கு. அச்சில் வந்திருப்பதோ, சரியாக அழியாத பழைய கிளி மூக்கு.

"ரெண்டு குடும்பத்துக்கும் தலைமுறைப் பகை. எதிரி மூக்கை இவர் மூஞ்சியில ஒட்டிக் குடுத்தா, நம்மள ஊரை விட்டே துரத்திடுவாங்க!"

"பதறாதே. என் உளி பார்க்காத மூக்கா?"

சுரண்டினார். தகட்டில் குழி விழுந்தது. குழியில் மை தேங்கி, பிரபுவின் மூக்கில் ஒரு திராட்சை உட்கார்ந்தது. அது தெரியாமலிருக்கக் கன்னத்தில் நிழல் போட்டார். பிரபு அடுப்பு ஊதிவிட்டு வந்தவர் போலானார். நிழலைத் தேய்த்து அழித்துவிட்டு, வேறு வழியில்லாமல் பழைய கோட்டின் மேலேயே உளியை ஓட்டினார். கிளி மூக்கு முன்னைவிடக் கம்பீரமாக எழுந்து நின்றது.

"போதும், அந்த உளியைக் கீழ வைங்க," என்றாள் மனைவி.

வாசலில் வண்டிச் சத்தம். பிரபுவும் அவர் அம்மாவும் நேரிலேயே வந்துவிட்டார்கள். தகட்டுக்காரர் படத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. முதலில் நுழைந்தது பிரபுவின் மூக்கு. சாட்சாத் அதே கிளி மூக்கு!

தகட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படத்தை நீட்டினார்.

"அட! எல்லா ஓவியரும் என் மூக்கைக் குட்டையாக்கிடுவாங்க. நீங்கதான் உள்ளதை உள்ளபடி போட்டிருக்கீங்க!"

"தொழில்னா அப்படித்தானே இருக்கணும்," என்று மீசையைத் தடவிக்கொண்டார் தகட்டுக்காரர். மனைவி முறைத்தாள்.

பிரபு படத்தை வெயிலில் பார்க்க வாசலுக்குப் போனதும், அவருடைய அம்மா தகட்டுக்காரரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். முகம் வெளிறியிருந்தது.

"மூக்கை மாத்தித்தானே ஓவியம் வரையச் சொல்லி அனுப்பினேன்... அது அக்கரைக்காரர் மூக்குன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"