லினக்ஸ் போட்ட நரியும் காணாமல் போன வைஃபையும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் முளைத்த பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்ட ஒரு காட்டில், தந்திரமூர்த்தி என்ற நரி தன் மனைவி பவளத்தோடு வாழ்ந்துவந்தது. கதைகளில் விலங்குகளை 'அது' என்று சொல்வதுதான் வழக்கம். ஆனால் பவளம் எம்.ஏ., பி.எட். படித்தவள். அவளை 'அது' என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எனவே இனி எல்லோரும் அவன், அவள், அவர்தான்.

தந்திரமூர்த்திக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கஷ்டம். நரி என்றால் புத்திசாலி என்று யாரோ காடு முழுக்கக் கிளப்பிவிட்டிருந்தார்கள். அவனுக்கோ மிக்ஸியை எந்தப் பக்கம் திருகினால் ஓடும் என்பதே சந்தேகம். ஆனாலும் உதவி கேட்டு வந்தவர்களிடம் தெரியாது என்று சொல்ல வாய் வராது. முயல் தன் டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தால், பேட்டரியை வெளியே எடுத்து, வயிற்றில் தேய்த்து, மறுபடி போட்டுக் கொடுப்பான். அது எப்படியோ வேலை செய்யும். பெயர் இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும்.

பவளம் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தாள். பல பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கி, "சொல்லி அனுப்பறோம்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். காட்டின் தெற்குக் கோடியில் புதிதாகத் திறந்த பள்ளியில் தமிழாசிரியை வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். இந்த முறை நேர்காணலுக்கே கூப்பிட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, வீடியோ காலில்.

அவர்கள் இருவரிடமும் இருந்தது பட்டன் போன். வீடியோ காலுக்கு வீட்டிலிருந்த பழைய லேப்டாப்தான் கதி. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். ஆன் செய்துவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் திறந்துவிட்டால், ஆலமரத்து உச்சியில் கட்டியிருந்த பொது வைஃபையை ஒருநாளும் தவறாமல் பிடித்துவிடும். அந்த நல்ல குணம் அதற்கு இருந்தது என்பது போன பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பவளம் பேச்சுவாக்கில் சொன்னாள்: "நாளைக்கு நடுவுல இது மட்டும் நின்னுடாம இருக்கணுங்க."

சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஆற்றுக்குத் துணி துவைக்கப் போய்விட்டாள். தந்திரமூர்த்தி யோசிக்க ஆரம்பித்தான். அந்த வீட்டில் ஆபத்தெல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

"விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டா எந்தப் பழைய லேப்டாப்பும் பறக்கும்" என்று குரங்கு ஒருவன் எப்போதோ சொல்லி, ஒரு பென்டிரைவையும் கொடுத்திருந்தான். தந்திரமூர்த்தி அதைத் தேடி எடுத்துச் செருகினான். டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழிக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினான். நிஜமாகவே அழிக்கவா என்று திரை இன்னொரு முறை கேட்டது. தன்னை இவ்வளவு மரியாதையாக யாருமே இரண்டு தடவை கேட்டதில்லை என்று நெகிழ்ந்து, அதற்கும் ஆம் என்றான். நல்லவேளையாக, பவளம் தன் சான்றிதழ்களை எல்லாம் முன்பே பிரிண்ட் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். கணவனைத் தெரிந்தவள்.

அவள் திரும்பி வந்தபோது லேப்டாப் புதுசு போல மின்னியது. ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் திறந்தது.

"அட, பரவாயில்லையே!" என்றாள் பவளம்.

தந்திரமூர்த்திக்கு வாலில் ஒரு துள்ளல் வந்தது. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்றான்.

"சரி, வைஃபை எங்க?"

வைஃபை குறி இருக்க வேண்டிய மூலையில் ஒன்றுமே இல்லை. தேடி அழுத்தியதில் ஒரு செய்தி வந்தது: 'வைஃபை அடாப்டர் காணப்படவில்லை. தீர்வுக்கு எங்கள் இணையதளத்தைப் பார்க்கவும்.'

"என்னங்க சொல்லுது?"

"வந்துட்டிருக்குன்னு சொல்லுது" என்றான் தந்திரமூர்த்தி. பிறகு அவள் அடுக்களைக்குப் போனதும் லேப்டாப்பைத் தூக்கி, கவிழ்த்து, அடியில் எங்கேயாவது அடாப்டர் விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். நானும் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஓட்டமாக ஓடி ஆந்தையாரிடம் போய் நின்றான். ஆந்தையார் கணினி விஷயத்தில் பெரியவர். பகல் முழுக்கத் தூங்குவார். ஆனால் யாராவது லினக்ஸ் என்று சொன்னால் ஒரு கண் மட்டும் திறந்துகொள்ளும்.

"எந்த டிஸ்ட்ரோ?" என்றார். லினக்ஸில் பல வகைகள் உண்டு, அந்த வகைக்குத்தான் அப்படிப் பெயர்.

"மூங்கில் லினக்ஸ் ஐயா."

ஆந்தையார் துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தலையை ஆட்டினார். "யார் போடச் சொன்னது?"

"குரங்குதான்."

"அதானே பார்த்தேன். வேங்கை லினக்ஸ் போட்டிருக்கணும்."

மேல் கிளையிலிருந்து குரங்கு குதித்து இறங்கினான். "வேங்கையா? அதுல பிரிண்டர் வேலை செய்ய வைக்கவே ஒரு ஜென்மம் வேணும்!"

"உனக்கு எதுக்குடா பிரிண்டர்?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

இருவரும் ஒருவரை ஒருவர் பரம்பரை வரை இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். தந்திரமூர்த்தி நடுவில் நின்று, "ஐயா, பன்னிரண்டு மணிக்கு என் சம்சாரத்துக்கு இன்டர்வியூ" என்று கெஞ்சினான். கடைசியில் ஆந்தையார் மனமிரங்கினார்.

"உன் வைஃபை கார்டுக்கு டிரைவர் இல்லை, அதான் அதை ஓட்டற மென்பொருள். அவ்வளவுதான் விஷயம். இறக்கிப் போட்டுக்கோ."

"எங்கேர்ந்து ஐயா இறக்கறது?"

"இன்டர்நெட்லேர்ந்துதான்."

"இன்டர்நெட் வரலைன்னுதானே ஐயா வந்தேன்?"

"அதனாலதான் டிரைவர் வேணும்கிறேன்."

தந்திரமூர்த்திக்கு இது புரியவில்லை. ஆனால் புத்திசாலி என்று பெயர் எடுத்தவன் ஆயிற்றே, "ஓ, அப்படியா!" என்றான். ஆந்தையார் சில கட்டளைகளையும் சொல்லிக் கொடுத்தார். அவற்றை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தான். வழியில் முயல் வணக்கம் சொன்னதில் இரண்டு கட்டளைகள் மறந்துபோயின.

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து மீதியை அடித்தான். அந்தக் கறுப்புத் திரையில் எதை அடித்தாலும், பார்ப்பவர்களுக்குப் பெரிய மேதை போலத்தான் தெரியும். திரைக்கு மட்டும் அப்படித் தெரிவதில்லை. அனுமதி இல்லை என்றது. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று சேர்த்தால் அனுமதி கிடைக்கும் என்று நினைவு வந்தது. சேர்த்தான். இப்போது தப்பு அனுமதியோடு நடந்தது. ஸ்பீக்கரும் போயிற்று.

ஆலமரத்தில் கட்டிய வைஃபை பெட்டியிலிருந்து நேராகக் கேபிள் இழுத்தால் என்ன என்று தோன்றியது. லேப்டாப்பை மரத்தடிக்குத் தூக்கிப் போனால் அணைந்துவிடும். மரத்தடியில் ப்ளக் பாயின்ட் கிடையாது. கேபிளை வீடு வரை கொண்டுவரலாம் என்றால், அவனிடம் இருந்த கேபிள் மரத்தின் முதல் கிளை வரைக்கும்கூட வராது. அந்தத் துண்டு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது பவளம் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டி, தலை வாரி, தயாராக நின்றாள்.

"வந்துருச்சாங்க?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா எது வரைக்கும் வந்திருக்கு? ஆலமரத்தைத் தாண்டிருச்சா?"

தந்திரமூர்த்தி வயரைக் கீழே போட்டான். மறுபடி கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து, முன்பு அடித்ததையே இன்னும் அழுத்தி அடித்தான்.

"எனக்கு இந்த வேலை வேணுங்க" என்றாள் பவளம். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். விசையில் வைத்த விரலை எடுக்க மறந்ததில் ஒரே எழுத்து திரை முழுக்க ஓடியது.

அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். நேராகப் போய் நின்றது பக்கத்துக் குட்டையில் படுத்திருந்த காட்டுப்பன்றி செங்கோடனிடம். அவன் கழுத்து வரை சேற்றில் கிடந்து செல்போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்க போன் கொஞ்சம் வேணும். இன்டர்வியூ."

"எடுத்துக்க தங்கச்சி. ஆனா இங்க நின்னாத்தான் சிக்னல். அந்தக் கல்லு மேல ஏறிக்க, இல்லன்னா புடவை நனையும்."

கல் வழுக்கியது. பவளம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றிலேயே இறங்கி நின்றாள். செங்கோடன் மூச்சுச் சத்தம்கூட வராமல் மூக்கைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டான்.

திரையில் தலைமையாசிரியை வேதவல்லி அம்மாள் தெரிந்தார். பெரிய யானை, சின்னக் கண்ணாடி. கூட இரண்டு கொக்குகள். இலக்கணத்தில் கேட்டார்கள், இலக்கியத்தில் கேட்டார்கள். பவளம் முழங்கால் சேற்றில் நின்றபடி எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். கடைசியாக வேதவல்லி அம்மாள் கேட்டார்:

"குட்டிங்க சொன்ன பேச்சே கேக்காது. வேண்டாம்னா அதைத்தான் செய்யும். உங்களுக்குக் கோபம் வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?"

பவளம் சேற்றில் காலை மாற்றி ஊன்றினாள். "மேடம், நேத்து எங்க வீட்டுக்காரர் என் லேப்டாப்புல லினக்ஸ் போட்டுட்டார். வைஃபை போயிடுச்சு. அதான் இப்படிக் குட்டையில நிக்கறேன். அவர் இன்னும் உயிரோடதான் இருக்கார்."

கொக்குகள் இருவரும் தலைமையாசிரியையைப் பார்த்தார்கள். வேதவல்லி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, காதால் துடைத்தார்.

"எங்க வீட்லயும் போட்டிருக்கார்மா" என்றார் மெதுவாக. "மாசி மாசத்துலேர்ந்து நெட் இல்லை. என்னைக்கு வந்து சேர்றீங்க?"

பவளம் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்தபோது தந்திரமூர்த்தி லேப்டாப்பை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னை நரின்னு எவன் சொன்னான் பவளம்?" என்றான். "என் மூளைய எடுத்து அந்த முயலோட ரிமோட்ல போட்டா, ரிமோட்டும் கெட்டுப்போயிடும். உன் வேலையைக் கெடுத்துட்டேன்."

"வேலை கிடைச்சிருச்சு" என்றாள் பவளம். கால் கழுவிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

அவன் கண்ணில் நீர் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படிப் பார்த்தா, என்னாலதான்..." என்று ஆரம்பித்தான்.

பவளம் கையில் இருந்த சொம்போடு திரும்பிப் பார்த்தாள். அவன் முடிக்கவில்லை. திருந்தாவிட்டாலும் உயிர் மேல் ஆசை உள்ளவன்.

பள்ளியில் அவளுக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தந்திரமூர்த்தி பழையதோடு மல்லுக்கட்டினான். ஒரு லீவு நாள் மத்தியானம் பவளம் வீடு பெருக்கும்போது விளக்குமாறு சார்ஜரில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. லேப்டாப் அணைந்தது. மறுபடி ஆன் செய்தால், மூலையில் வைஃபை குறி! ஆலமரத்து வைஃபை முழு வலுவோடு நின்றது. எது சரியானது, எதனால் சரியானது என்று அவனுக்குத் தெரியாது. கதை சொல்லும் எனக்கும் தெரியாது.

அன்று முதல் அவன் அதை அணைக்கவில்லை. மூடவில்லை. பக்கத்தில் பலமாக இருமக்கூட மாட்டான். அப்டேட் செய்யவா என்று திரை கேட்டால் கும்பிட்டு, வேண்டாம் என்பான்.

செய்தி பரவியது. ஒரு சனிக்கிழமை வேதவல்லி அம்மாளின் கணவர் வாரணன் தும்பிக்கையில் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் குனிந்து, "சார், நீங்க சரி பண்ணிட்டீங்களாமே? எனக்கும் சொல்லிக் கொடுக்கணும். வீட்டுல என்கிட்ட சரியா முகம் கொடுத்தே பேசறதில்லை" என்றார்.

தெரியாது என்று சொல்ல இதுதான் சரியான சமயம். தந்திரமூர்த்தி வாயைத் திறந்தான். "உள்ள வாங்க, பெரிய விஷயமில்லை" என்று வந்தது.

யானை உள்ளே வர முடியாது என்பதால் லேப்டாப்பை ஜன்னல் ஓரமாக வைத்துக்கொண்டார்கள். "முதல்ல என்னுதுல காட்டறேன், பாருங்க" என்று தந்திரமூர்த்தி கறுப்புத் திரையைத் திறந்து, நினைவில் இருந்த கட்டளைகளைச் சூடோ சேர்த்து மளமளவென்று அடித்தான். வாரணன் வாய் பிளந்து பார்த்தார். மூலையில் இருந்த வைஃபை குறி ஒருமுறை மினுக்கிவிட்டு மறைந்தது.

இருவரும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் இப்படித்தான் சார் போச்சு" என்றார் வாரணன். அவர் குரலில் மாசி மாதத்திலிருந்து இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. "டீ கிடைக்குமா?"

டீ குடித்தார்கள். டிரைவரைப் பற்றிப் பேசினார்கள். பொழுது போனதே தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை வாரணன் மறுபடி வந்தார். கரடி ஒருவரையும் கூட்டிவந்தார், அந்தக் கரடியின் லேப்டாப்பில் திரையே வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஆமை வந்தார். வாசலில் 'காட்டு லினக்ஸ் பயனர் சங்கம்' என்று ஒரு பலகை மாட்டினார்கள். பவளமும் வேதவல்லி அம்மாளும் சனிக்கிழமைகளில் வீடு அமைதியாக இருப்பதைக் கண்டு, டீத்தூளும் சர்க்கரையும் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் மான் ஒருத்தி புது லேப்டாப்போடு வந்தாள்.

"நானும் லினக்ஸ் போட்டிருக்கேன். சங்கத்துல சேரணும்" என்றாள்.

"என்னம்மா பிரச்சினை?" என்று எல்லோரும் ஆவலாக நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"பிரச்சினை ஒண்ணும் இல்லையே. போட்டேன், உடனே வைஃபை வந்துருச்சு."

கரடி தன் இருட்டுத் திரையைப் பார்த்தார். வாரணன் டீயைக் கீழே வைத்தார். தந்திரமூர்த்தி எழுந்து போய், மிகவும் கனிவாக அவளிடம் சொன்னான்:

"இன்னும் கொஞ்சம் அனுபவம் வரட்டும்மா. அப்புறம் பார்க்கலாம்."

நீதி: இணைப்பு கிடைக்காதவர்கள் கூடி உட்காரும் இடத்துக்குச் சமூகம் என்று பெயர். இணைப்பு கிடைத்தவர்கள் அவரவர் வீட்டில் தனியாக இருக்கக் கடவர்.