ஹோர்ன் அடிச்சால்தான் கேக் தப்பும்

போன ஞாயிறு எனக்கு இருந்த வேலை ஒரு கேக்கைக் கொண்டுபோய்க் குடுக்கிறது. அவ்வளவுதான்.

நெடுங்கேணியில எங்கட வீடு. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீடு. என்ர மனுசி வதனி கேக் அடிச்சு விக்கத் தொடங்கி அவாவுக்கு வந்த முதல் பெரிய ஓடர், மூண்டு தட்டுக் கேக். ஊர்ச்சனம் முழுக்க வாற வீடு. கேக் நல்லாய்ப் போய்ச் சேர்ந்தால் அவான்ர பேர் எடுபடும். உடைஞ்சு போனால் இனி ஒருத்தரும் எங்கட பக்கம் திரும்பியும் பாராயினம்.

"ஓட்டோவில அனுப்புவம்," எண்டா வதனி.

"எதுக்கு? என்ர மோட்டச்சைக்கிள் இருக்கு," எண்டன்.

அவா பாத்த பார்வையிலயே நான் விட்டிருக்கவேணும்.

நான் மோட்டர் சுத்திறவன். எரிஞ்சுபோன பான், தண்ணிப்பம்பி எல்லாத்துக்கும் கம்பி சுத்திக் குடுக்கிறன். கையில காந்தமும் செப்புக்கம்பியும் வச்சிருக்கிறவன் கண்ட கண்ட வீடியோ பாக்கக்கூடாது. நான் பாத்திட்டன். வெளிநாட்டில காருக்குக் குலுக்கம் தாங்கிற சொக்கப்சோபர் புதுசாப் பூட்டுறாங்களாம். ஒயிலுக்குப் பதிலா உள்ளுக்குக் காந்தமும் கம்பிச் சுருளும். கார் குழியில விழ விழக் காந்தம் மேலயும் கீழயும் ஓடும், கரண்ட் வரும். அந்தக் கரண்டை வச்சே சொக்கை இறுக்கியும் இளக்கியும் குலுக்கமில்லாமல் போகலாமாம்.

குழியில இருந்து கரண்ட்! எங்கட றோட்டுகளுக்கு இதைப் பூட்டினால் வன்னி முழுக்க லைற் எரிக்கலாம் எண்டு எனக்கு நித்திரையே இல்லை.

பின் சொக் ரெண்டையும் கழட்டினன். உள்ளுக்கிருந்த ஒயிலை வெளியில ஊத்திப்போட்டு, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வச்சு, சுருள் சுத்தி, சீற்றுக்குக் கீழ ஒரு பற்றறிக்குக் குடுத்தன். வெளிநாட்டுக் காரில சொக்கைக் கொம்பியூட்டர் கவனிக்கும். என்ர மோட்டச்சைக்கிளில நான்தான் கொம்பியூட்டர்.

கேக் வெயிலுக்கு உருகாமல் புது வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒண்டுக்குள்ள வச்சு, பின் சீற்றில றப்பர்ப் பட்டியால கட்டினம்.

"ஒரு பூ கழண்டாலும் வீட்டுக்கு வராதேங்கோ," எண்டா வதனி. பகிடிக்குச் சொல்லேல்ல.

முதல் கொஞ்சத் தூரம் தொட்டில் மாதிரிப் போச்சு. பற்றறி சார்ஜ் ஏறுது, சொக் இறுக்கமா நிக்குது. குழியைக் கண்டால் விலத்தாமல் ஆசையா இறங்கினன். முன்னால வந்த உழவு மிசின்காரன் எனக்கு வெறி எண்டு நினைச்சு றோட்டை விட்டே இறங்கினான்.

கிறவல் றோட்டுக்குத் திரும்பேக்க பற்றறி நிறைஞ்சு பச்சை லைற் எரிஞ்சுது. எனக்குப் பெருமை தாங்கேல்ல. அடுத்த குழியில நானும் கேக்கும் ஆகாயத்துக்குப் போய் வந்தம். வந்தும் நிக்கேல்ல. துள்ளித் துள்ளி ஒரு மதகு தாண்டினபிறகுதான் நிண்டுது.

அப்பதான் மண்டையில ஏறினது. டைனமோச் சைக்கிளில லைற்றைப் போட்டால் மிதிக்க இறுக்கமா இருக்கும், நூத்தால் லேசா ஓடும். இதுவும் அதே கதை. கரண்டை ஆரும் எடுத்தால்தான் சொக் இறுகும். பற்றறி நிறைஞ்சிட்டுது, எடுக்க ஆளில்லை. ஒயிலையும் நானே ஊத்திப்போட்டன். மிச்சம் வெறும் ஸ்பிரிங்.

லைற்றைப் போட்டன். மோட்டச்சைக்கிள் அடங்கிச்சுது. அடுத்த குழியோட பல்ப் எரிஞ்சு போச்சு.

இனிக் கரண்ட் தின்ன இருந்தது ஹோர்ன் ஒண்டுதான். அமத்திப் பாத்தன். சொக் இறுகிச்சுது. கையை எடுத்தன், துள்ளிச்சுது. சரி, கேக் தப்பவேணுமெண்டால் ஒட்டுசுட்டான் போய்ச் சேருமட்டும் அடிக்கவேண்டியதுதான்.

இப்ப சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை காலமை, மோட்டச்சைக்கிளில, பின்னால வெள்ளைப் பெட்டி கட்டி, விடாமல் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு ஒருத்தன் கிறவல் றோட்டால வாறான். அவன் ஆர்?

முதல் வீட்டுப் படலையடியிலயே ஒரு அக்கா சட்டியோட மறிச்சா.

"என்ன மீன் தம்பி?"

"மீன் இல்லை அக்கா. கேக்."

"எனக்கு அடுப்பில புளி கொதிக்குது, நீர் பகிடி விடுறீரே? பெட்டியைத் திறவும்."

திறந்தன். எட்டிப் பாத்தா. "உதை ஏன் ஹோர்ன் அடிச்சு விக்கிறீர்?" எண்டு ஏசிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டா.

அடுத்த படலையில அறக்குளா கேட்டினம். அதுக்கடுத்ததில றால். நான் நிப்பாட்டாமல் போக, "நல்ல மீனையெல்லாம் தெரிஞ்ச ஆக்களுக்குக் குடுத்துப்போட்டு எங்களுக்குக் கேக் எண்டு கதை விடுறான்," எண்டு ஒரு மாமி றோட்டுக்கு வந்து கத்தினா. ரெண்டு பூனையும் பின்னால வரத் தொடங்கிச்சுது.

"அண்ணை, நில்லுங்கோ!"

திரும்பிப் பாத்தால் உண்மையான மீன்காரன். அன்ரன். முல்லைத்தீவில ஞாயிறுப் பூசை முடிச்சு வர அவனுக்குப் பிந்திப்போச்சு.

"அண்ணை, இது என்ர றோட்டு," எண்டான். முகம் சரியில்லை.

பெட்டியைத் திறந்து காட்டி, காந்தம், சுருள், பற்றறி, ஹோர்ன் எல்லாம் சொன்னன். வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சான். பிறகு கொஞ்சம் யோசிச்சான்.

"என்ர ஹோர்னுக்கு ரெண்டு நாளாத் தொண்டை அடைச்சுப்போச்சு. நீங்கள் அடிச்சுக்கொண்டு முன்னால போங்கோ. நான் பின்னால வித்துக்கொண்டு வாறன்."

அவனுக்கு வியாபாரம், எனக்குக் கேக். சரி எண்டன்.

அப்பிடியே போனம். நான் அடிக்கச் சனம் வெளியில வரும். "பின்னால வருது, பின்னால வருது," எண்டு நானே சொல்லத் தொடங்கிட்டன். வெக்கமெல்லாம் அந்த மதகடியிலயே விழுந்துபோச்சு.

சாமத்திய வீட்டு வாசலில வாழை கட்டியிருக்கு, மேளம் அடிக்குது. படலைக்கு முன்னால ஒரு வாய்க்கால். வதனியை நினைச்சு ஹோர்னை நீளமா ஒரு அமத்து அமத்தினன். மேளம் நிண்டுது.

வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு பொம்பிளைப்பிள்ளையின்ர பெரியப்பா ஓடி வந்தார்.

"இண்டைக்கு இஞ்ச சைவம் தெரியுமோ? மீனோட உள்ளுக்கு வாறீரே? எடும் வெளியில!"

"ஐயா, நான் கேக் கொண்டு வந்தனான்."

அவர் எனக்குப் பின்னால பாத்தார். அன்ரன், மீன்பெட்டி, ரெண்டு பூனை.

"அது ஆர்?"

"தெரியாது ஐயா."

"அண்ணை," எண்டான் அன்ரன், "அந்த மூலை வீட்டுக்கும் ஒருக்கா அடிச்சு விடுங்கோ."

பெட்டியைத் திறந்து காட்டினன். மூண்டு தட்டும் நேரா நிக்குது. ஒரு பூ கழரேல்ல. பிள்ளையின்ர தாய் கண் கலங்கிப்போனா, நானும்தான். சபையில எல்லாரும் கேட்டவை, "ஆர் அடிச்ச கேக்?" எண்டு. பெரியப்பா மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேக்கச் சொன்னார்.

"அந்த மீன்காரன்ர மனுசியாம்."

பின்னேரம் தொடங்கி கேக் கேட்டு வதனிக்குப் போன் ஓயேல்ல. மீன்காரன் வீடோ எண்டு கேட்ட முதல் ரெண்டு பேருக்கும், "அவர் மீன்காரன் இல்லை, மோட்டர் சுத்திறவர்," எண்டு பொறுமையா விளங்கப்படுத்தினா. அவை, "அப்ப மாறி எடுத்திட்டம்," எண்டு வச்சிட்டினம்.

மூண்டாவது போனுக்கு என்னைப் பாத்துக்கொண்டே ஒரு பெருமூச்சு விட்டா.

"ஓம், மீன்காரன் வீடுதான். சொல்லுங்கோ, எத்தினை கிலோ?"